மண் தின்னும் குழந்தையின் குடலுக்குள் என்ன நடக்கிறது?

"மூன்று வயது மகள் சுவர்ப் பூச்சைச் சுரண்டித் தின்கிறாள், மண்ணையும் விடுவதில்லை. உடம்பில் ஏதோ சத்து குறைகிறது, அதனால்தான் அதுவே தேடிப் போகிறது என்கிறார்கள். உண்மையா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பாதி உண்மை. சத்துக் குறைவு இருக்க வாய்ப்பு நிறையவே உண்டு. உடம்பு விவரம் தெரிந்து தேடிப் போகிறது என்பதுதான் இடிக்கிறது.

முதலில் வயதைப் பார்த்துவிடலாம். தவழும் குழந்தை கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாயில் போடும். அது நோயல்ல, உலகத்தை அறிந்துகொள்ள அந்த வயதில் அதற்குத் தெரிந்த வழி. இரண்டு வயதைத் தாண்டியும் உணவல்லாத ஒன்றைத் தேடித் தேடி, ஒரு மாதத்துக்குக் குறையாமல் தின்றுகொண்டிருந்தால்தான் மருத்துவர்கள் அதை 'பைக்கா' என்பார்கள். மண், சாம்பல், கரி, சாக்பீஸ், காகிதம், முடி, ஐஸ்கட்டி என்று பட்டியல் நீளும். ஆட்டிசமோ அறிவுத்திறன் குறைபாடோ உள்ள குழந்தைகளிடம் இது கூடுதலாகத் தென்படும். அங்கே காரணங்களும் வேறாக இருக்கலாம். நான் இங்கே எடுத்துக்கொள்வது இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வரும் பைக்காவை மட்டும்.

உடம்புக்கு இரும்பு வேண்டும், மண்ணில் இரும்பு இருக்கிறது, அதனால் குழந்தை மண்ணைத் தின்கிறது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இரும்புச்சத்துக் குறைவோடு மிக நெருக்கமாகச் சேர்ந்து வரும் ஏக்கம் ஐஸ்கட்டி மீதுதான். ஐஸில் இரும்பு எங்கே இருக்கிறது? இரும்பு மருந்து கொடுக்கத் தொடங்கிய சில நாட்களிலேயே இந்த ஐஸ் ஆசை பலருக்கு அடங்கிவிடும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏறவே சில வாரங்கள் பிடிக்கும். ஆசை அதற்கு முன்பே போய்விடுகிறது. அப்படியானால் சங்கதி ரத்தத்தில் இல்லை, மூளையில் இருக்க வேண்டும் என்று பலர் சந்தேகப்படுகிறார்கள். டோபமைன் என்ற மூளை ரசாயனத்தைத் தயாரிக்கும் நொதி வேலை செய்ய இரும்பு தேவை. இரும்பு குறைந்த எலிகளின் மூளையில் டோபமைனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளும் குறைகின்றன. ஆசை, திருப்தி இரண்டோடும் சம்பந்தப்பட்ட ரசாயனம் தடுமாறும்போது விசித்திரமான ஏக்கங்கள் வருவதில் வியப்பில்லை. ஆனால் ஒருவருக்கு ஐஸ், இன்னொருவருக்கு சாக்பீஸ் என்று ஏன் பிரிகிறது என்பதற்கு இன்னும் நல்ல விளக்கம் வரவில்லை. குணப்படுத்தும் மருந்தோ மலிவு, அதற்குக் காப்புரிமையும் கிடையாது. இப்படிப்பட்ட கேள்விக்கு யார் பணம் போடுவார்கள் என்பது என் பழைய புலம்பல்.

சரி, தின்ற மண்ணிலிருந்து இரும்பு கிடைக்குமா? மிகக் கொஞ்சம். மண்ணில் இருப்பது பெரும்பாலும் துரு வகை இரும்பு, தண்ணீரில் கரையாது. களிமண்ணில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதன் நுண்தகடுகளின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் கொண்டது. உணவிலிருந்து கரைந்து வரும் நேர்மின்னேற்ற இரும்பு அயனிகளை அது தன்னோடு ஒட்டவைத்துக்கொண்டு வெளியே போய்விடக்கூடும். வரவு பார்க்கப் போன இடத்தில் செலவு.

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி அடுத்து வருவது. சாப்பாட்டின் இரும்பு சிறுகுடலின் முதல் பகுதியில் உறிஞ்சப்படுகிறது. அங்குள்ள செல்களின் மேற்பரப்பில் 'டிஎம்டி1' என்ற கடத்திப் புரதம் நிற்கிறது. இரும்பை உள்ளே எடுத்துவிடுவது அதன் வேலை. 1997இல் இதைக் கண்டுபிடித்தவர்கள் செய்த சோதனை ரசமானது. இரும்புச்சத்துக் குறைந்த எலிகளின் குடலிலிருந்து ஆர்.என்.ஏ.வை, அதாவது புரதம் செய்வதற்கான குறிப்புகளை, எடுத்துத் தவளை முட்டைச் செல்களுக்குள் செலுத்தி, எந்த மரபணு வந்தால் முட்டை இரும்பை உறிஞ்சத் தொடங்குகிறது என்று சலித்துச் சலித்துப் பார்த்தார்கள்.

சரி, இரும்பு குறைந்துவிட்டது என்று குடல் செல்லுக்கு எப்படித் தெரிகிறது? செல்லுக்குள் ஐ.ஆர்.பி.1 என்று ஒரு புரதம் இருக்கிறது. இரும்பு தாராளமாக இருக்கும்போது அதன் நடுவே இரும்பும் கந்தகமும் சேர்ந்த சிறு தொகுப்பு ஒன்று உட்கார்ந்திருக்கும். அப்போது அது வேறு உத்தியோகம் பார்க்கும் சாதாரண நொதி, சிட்ரிக் அமிலத்தை மாற்றிக்கொடுத்துக்கொண்டிருக்கும். இரும்பு குறைந்தால் அந்தத் தொகுப்பு கழன்றுவிடும், புரதத்தின் வடிவம் விரியும். உடனே அது துணி கிளிப் மாதிரி ஆகி, சில தூது ஆர்.என்.ஏ.க்களில் வளைந்து நிற்கும் ஒரு சிறு கொண்டையைக் கவ்விக்கொள்ளும்.

எங்கே கவ்வுகிறது என்பதில்தான் வித்தை. ஃபெரிட்டின் என்பது இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம். அதன் தூது ஆர்.என்.ஏ.வில் அந்தக் கொண்டை தலைமாட்டில் இருக்கிறது. கிளிப் அங்கே மாட்டினால் வாசிப்பே தொடங்காது, புரதம் உருவாகாது. இரும்பே இல்லாதபோது சேமிப்புக் கிடங்கு எதற்கு? டிஎம்டி1இன் தூது ஆர்.என்.ஏ.வில் கொண்டை கால்மாட்டில் இருக்கிறது. அங்கே மாட்டினால் அந்த ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதையாமல் காப்பாற்றப்படுகிறது. அதை வைத்து மேலும் மேலும் டிஎம்டி1 தயாராகும். ஒரே புரதம், ஒரே கவ்வல். மாட்டிய இடத்தைப் பொறுத்து ஒன்றை நிறுத்துகிறது, இன்னொன்றைப் பெருக்குகிறது. குடலில் இதற்கு மேல் வேறு கட்டுப்பாடுகளும் சேர்ந்து இயங்குகின்றன. என்றாலும் இவ்வளவு சிக்கனமான ஏற்பாட்டைப் படித்த அன்று ஒரு தடவை எழுந்து நடந்துவிட்டுத்தான் மீண்டும் உட்கார்ந்தேன்.

ஆக, இரும்பு குறைந்த குழந்தையின் குடல் உலோகத்தை உறிஞ்சப் பல மடங்கு தயாராகக் காத்திருக்கிறது. பிரச்சினை, டிஎம்டி1 அவ்வளவு கறாரான ஆளில்லை. தவளை முட்டைச் சோதனையிலேயே துத்தநாகம், மாங்கனீசு, காட்மியம், ஈயம் எல்லாவற்றுக்கும் அது இடம் கொடுத்தது. ஈயம் இந்த வழியில் மட்டும்தான் வருகிறதா, வேறு பாதையும் உண்டா என்று பின்னாளில் விவாதம் நடந்தது. ஆனால் இரும்பு குறைந்த உடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சுகிறது என்பதில் சந்தேகமில்லை. போதாக்குறைக்கு, பெரியவர்கள் விழுங்கிய ஈயத்தில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் உடம்பில் சேரும். சிறு குழந்தைகளுக்கு ஏறக்குறைய பாதி சேர்ந்துவிடும். அந்தக் குழந்தை சுரண்டித் தின்பதோ பழைய பெயின்ட்டும் தூசி படிந்த மண்ணும்.

உள்ளே வந்த ஈயம் சும்மா இருக்காது. ஹீமோகுளோபினுக்குத் தேவையான 'ஹீம்' தயாரிப்பில் இரண்டு முக்கிய நொதிகளை முடக்கும். அதில் ஒன்று, கடைசிக் கட்டத்தில் இரும்பை அதன் இடத்தில் பொருத்தும் நொதி. ரத்தசோகை இன்னும் மோசமாகும். ஈயம் எலும்பில் போய்ப் பல ஆண்டுகள் தங்கும். வளரும் மூளையைப் பாதிக்கும். இந்த அளவு வரை பாதுகாப்பு என்று சொல்லத்தக்க அளவே ஈயத்துக்குத் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இது நேற்றுத் தெரிந்ததும் அல்ல. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர், வீட்டுக் கைப்பிடிக் கம்பிகளிலும் சுவர்களிலும் இருக்கும் பெயின்ட்தான் குழந்தைகளுக்கு ஈய நஞ்சாகிறது என்று 1904இலேயே எழுதிவிட்டார். வெயிலில் பொடிந்த பெயின்ட் கையில் ஒட்டி வாய்க்குப் போகிறது என்பதே அவர் கண்டது. கட்டடங்களின் உட்புறத்தில் வெள்ளை ஈயப் பெயின்ட்டைக் கட்டுப்படுத்தச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921இல் உடன்படிக்கை கொண்டுவந்தது. அமெரிக்கா வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தைத் தடை செய்தது 1978இல். இடைப்பட்ட தலைமுறைகள் யார் கணக்கில் சேரும்?

வயிற்றில் புழு இருந்துகொண்டு அதுதான் மண் கேட்கிறது என்ற நம்பிக்கையும் உண்டு. புழு கேட்பதில்லை. கொக்கிப்புழு குடல் சுவரைக் கடித்து ரத்தம் குடிக்கிறது, அதனால் இரும்பு குறைகிறது. நாய், பூனைகளின் உருண்டைப்புழு முட்டைகளோ தின்ற மண் வழியாகவே உள்ளே வருகின்றன. குழந்தையை அடிப்பதாலும் மிரட்டுவதாலும் இதில் எதுவும் மாறப்போவதில்லை. ஒளிந்து தின்னக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான்.

வாசகிக்கு நேரடிப் பதில்: குழந்தை மருத்துவரிடம் காட்டி, ஹீமோகுளோபினோடு நிற்காமல் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லுங்கள். சேமிப்பு முதலில் காலியாகும், ஹீமோகுளோபின் அப்புறம்தான் இறங்கும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஃபெரிட்டின் லிட்டருக்கு 12 மைக்ரோகிராமுக்குக் கீழே போனால் குறைவு என்று கணக்கு. காய்ச்சல், தொற்று இருக்கும்போது அந்த எண் பொய்யாக ஏறிக் காட்டும். சுவர்ப் பூச்சு தின்னும் குழந்தை என்பதால் ரத்தத்தில் ஈய அளவும் பார்த்தாக வேண்டும். முடி தின்பதாக இருந்து வயிறு உப்பல், வாந்தி என்று வந்தால் தாமதிக்காதீர்கள், அது உருண்டையாகி அடைத்திருக்கலாம். நாளெல்லாம் பாலை மட்டுமே குடித்துவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளுகிறாளா என்பதையும் கவனியுங்கள். பாலில் இரும்பு மிகக் குறைவு.

இரும்பு மருந்து தொடங்கினால் மண் ஆசை சீக்கிரமே போய்விடலாம், அதற்காக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். காலியான சேமிப்பு நிரம்பச் சில மாதங்கள் ஆகும். மருந்து பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். அளவுக்கு மேல் உள்ளே போன இரும்பும் சிறு குழந்தைக்கு உயிராபத்து.