பவர் பிஐல டோட்டல் இடிக்குதா? அது கூட்டிப் போட்ட நம்பரே இல்லைங்க

பொள்ளாச்சிலருந்து பாலக்காடு போற ரோட்டுல கோபாலபுரத்துல ஒண்ணு, பார்டர் தாண்டி கொழிஞ்சாம்பாறைல ஒண்ணுன்னு ரெண்டு குடோன் வச்சிருக்க ஒரு கொப்பரை வியாபாரிக்கு நான்தான் பவர் பிஐல, அதாவது மைக்ரோசாப்டோட ரிப்போர்ட் போடற சாப்ட்வேர்ல, ரிப்போர்ட் போட்டுத் தர்றேன். அவரோட கணக்குப்பிள்ளை போன் பண்ணி, "தம்பி, ஒவ்வொரு வரியும் சரியா இருக்கு, கால்குலேட்டர்ல தட்டுனா டோட்டல் மட்டும் இடிக்குதே"ன்னார். பாத்தா தப்பு என் மெஷர்லதான், அதாவது ரிப்போர்ட்டுக்கு நான் எழுதற கணக்கு பார்முலால.

புரியறதுக்கு சின்ன நம்பரா சொல்றேன். கோபாலபுரத்துல 100 கிலோ, ரேட் 100, ஆக 10,000. கொழிஞ்சாம்பாறைல 300 கிலோ, ரேட் 140, ஆக 42,000. கூட்டுனா 52,000 வரணும், ரிப்போர்ட்ல 48,000 நிக்குது. ஏன்னா நான் மெஷர்ல சராசரி ரேட்டை மொத்த கிலோவால பெருக்கி விட்டிருந்தேன். டோட்டல் வரிக்கு வரும்போது பவர் பிஐ மேல இருக்க வரிகளைக் கூட்டாது, குடோன்ங்கற பில்டரை எடுத்துட்டு அதே பார்முலாவை மொத்த டேட்டா மேல மறுபடி ஓட்டும், அப்போ சராசரி 120, கிலோ 400, பெருக்குனா 48,000. 4,000 ரூபா காணோம், எர்ரர் மெசேஜும் வராது, அதான் எனக்கு பயமே.

இதுக்கு சம்எக்ஸ் (SUMX)ங்கற பங்ஷனைப் போட்டு பில் டேபிள்ல ஒவ்வொரு வரியா கிலோவை ரேட்டால பெருக்கிக் கூட்டச் சொல்லணும். குடோன் அளவுல மட்டும் சுத்த விட்டா பத்தாதுங்க, ஒரே குடோன்ல காலைல ஒரு ரேட் சாயங்காலம் ஒரு ரேட்டுன்னு வாங்கியிருப்பாங்க, திரும்பவும் சராசரில போய் மாட்டும். ஆனா "டார்கெட்டுக்கு எவ்ளோ குறைவு, தாண்டிட்டா ஜீரோ"ன்னு ஒரு மெஷர் இருந்தா அது வேற கதை. ஒரு குடோன் 50 குறைஞ்சு இன்னொண்ணு 80 தாண்டுனா, சேத்துப் பாக்கறப்போ 30 தாண்டுன மாதிரி ஆகி டோட்டல்ல 50க்கு பதிலா ஜீரோன்னு காட்டிடும், அதுக்கு சம்எக்ஸுக்குள்ள வேல்யூஸ் (VALUES, குடோன் பேரை ஒவ்வொண்ணா எடுத்துத் தர்ற பங்ஷன்) போட்டு குடோன் குடோனாத்தான் சுத்தணும்.

அதுக்காக இடிக்கற டோட்டலையெல்லாம் திருத்தப் போயிடாதீங்க. எத்தனை விவசாயி சரக்கு போட்டாங்கன்னு டிஸ்டிங்ட் கவுண்ட் (ஒரே ஆளை ஒரு தடவை மட்டும் எண்ணறது) எடுத்தா இங்க 40, அங்க 35, டோட்டல் 68ன்னு வரும், அது சரிதான், 7 பேர் ரெண்டு பக்கமும் போட்டிருக்காங்க. அதை 75 ஆக்குனாத்தான் பொய். லாப சதவீதமும் அப்படித்தான், கூட்டவே கூடாது.

இப்பல்லாம் மெஷர் எழுதறதுக்கு முன்னாடியே கணக்குப்பிள்ளைக்கு போன் போட்டு, "அண்ணா, இந்த டோட்டல்ல உங்களுக்கு என்ன தெரியணும்?"னு கேட்டுக்கறேன். விவசாயி எண்ணிக்கை டேபிளுக்கு மேல 'ரெண்டு குடோன்லயும் போட்டவங்களை ஒரு தடவைதான் எண்ணியிருக்கு'ன்னு எழுதியும் வச்சுட்டேன்.