சேராமல் இருக்கும் இரண்டு பாதிகள்: நித்தியகல்யாணி இலையின் கதை

நித்தியகல்யாணியை ஆடு தின்னாது. ஒரு வாய் கடித்துப் பார்க்கும், அதோடு சரி. விருதுநகர், தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் மானாவாரியில் இதைப் பயிரிடுகிறவர்களுக்கு அந்தக் கசப்பு ஒரு வசதி. அவர்கள் மூட்டை கட்டி அனுப்பும் இலை யாருக்காக என்று கேட்டால் பதில் கொஞ்சம் திகைக்க வைக்கும். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் ஏற்றப்படும் வின்கிரிஸ்டின், அதன் உடன்பிறப்பான வின்பிளாஸ்டின் இரண்டும் இந்தச் சுடுகாட்டுப் பூச்செடி தந்தவை.

கண்டுபிடித்ததும் தற்செயல்தான். 1950களில் கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் ஜமைக்காவிலிருந்து வந்த இலையைச் சர்க்கரை நோய்க்காகச் சோதித்தார்கள். இலைச் சாற்றை எலிகளுக்கு ஊசியில் ஏற்றியபோது சர்க்கரை இறங்கவில்லை. வெள்ளை அணுக்கள் சரசரவென்று இறங்கின. மளமளவென்று பெருகும் செல்களை எதுவோ தடுக்கிறது என்று அவர்களுக்குப் பொறி தட்டியது.

அந்த ‘எதுவோ’ ஓர் ஆல்கலாய்டு, அதாவது நைட்ரஜன் உள்ள, பெரும்பாலும் கசக்கிற தாவர வேதிப்பொருள். செடி இதற்கென்று தனியாக மூலப்பொருள் எதையும் தேடுவதில்லை. நாம் சாப்பிடும் பருப்பிலும் உள்ள டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஒரு நொதி கரியமில வாயுவைக் கழற்றுகிறது, டிரிப்டமைன் கிடைக்கிறது. இன்னொரு பக்கம், ரோஜாவின் மணத்தில் இருக்கும் ஜெரானியால் படிப்படியாக மாறி செக்கோலோகனின் ஆகிறது. இரண்டையும் ஒரு நொதி ஒட்டினால் ஸ்ட்ரிக்டோசிடின். எட்டிக்காயின் ஸ்ட்ரிக்னைன், சிங்கோனா பட்டையின் குயினைன், சர்ப்பகந்தாவின் ரெசர்பைன் எல்லாமே இந்த ஒரே மூலக்கூறிலிருந்து கிளை பிரிந்தவைதான். நித்தியகல்யாணியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட கிளைகள்.

எனக்கு இதில் வேதியியலைவிடப் பிடித்தது இட ஒதுக்கீடு. ஜெரானியாலைக் கையாளும் முதல் கட்ட வேலை இலை நரம்பின் உள்ளே, உணவுக் குழாயை ஒட்டிய செல்களில் நடக்கிறது. பாதியில் சரக்கு இலையின் மேல்தோல் செல்களுக்கு இடம்பெயர்கிறது. ஸ்ட்ரிக்டோசிடின் அங்கேதான் உருவாகி, செல்லின் குமிழறைக்குள் பூட்டப்படுகிறது. அதிலுள்ள குளுக்கோஸை வெட்டும் நொதியோ அதே செல்லின் உட்கருவில் காத்திருக்கிறது. புழு கடித்துச் செல் நசுங்கினால் இரண்டும் கலக்கின்றன. குளுக்கோஸ் கழன்றதும் மிச்சம் நிற்கும் மூலக்கூறு, புரதங்களைப் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிவிடும். திரியையும் மருந்தையும் தனித்தனியே வைத்த வெடி மாதிரி.

புழு கடிக்காத நாட்களில் ஸ்ட்ரிக்டோசிடின் அளவாக வெளிவந்து இன்னும் பல நொதிகளைக் கடந்து இரண்டு வழியாகப் பிரிகிறது. ஒன்று கேதரந்தின், இது இலையின் மேலுள்ள மெழுகுப் பூச்சுக்கே வெளியேற்றப்படுகிறது. இன்னொன்று விண்டோலின், இதன் கடைசிப் படிகள் உள்ளே இருக்கும் பால் செல்களில் முடிகின்றன. இவை இரண்டும் சேர்ந்தால்தான் வின்பிளாஸ்டின். ஒரு பாதி வாசலுக்கு வெளியே, மறுபாதி உள்ளறையில் என்றிருந்தால் எப்படிச் சேரும்? ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறக்குறைய 500 கிலோ காய்ந்த இலை தேவைப்படுவதற்கு இந்தப் பிரிவினை ஒரு முக்கியக் காரணம்.

இத்தனை நொதிகளுக்கும் மரபணு வேண்டுமே. ஒவ்வொரு செல்லிலும் எல்லா மரபணுவும் இருக்கிறது. எது எங்கே விழிக்கிறது என்பதில்தான் விஷயம். இலை காயப்பட்டால் ஜாஸ்மோனேட் என்ற ஹார்மோன் சுரக்கிறது. ஜாதிமல்லி எண்ணெயில் முதலில் இனங்காணப்பட்டதால் வந்த பெயர். சாதாரண நாட்களில் ‘ஜாஸ்’ என்ற புரதங்கள் ‘மிக்2’ என்ற புரதத்தை அமுக்கி வைத்திருக்கும். ஜாஸ்மோனேட் வந்ததும் செல் அந்த ஜாஸ் புரதங்களைச் சிதைத்துவிடுகிறது. விடுபட்ட மிக்2, ‘ஓர்கா’ என்ற அடுத்த வரிசைப் புரதங்களைக் கிளப்புகிறது. ஓர்காக்கள் ஆல்கலாய்டு மரபணுக்களின் முகப்பில் போய் உட்கார, நொதிகளுக்கான நகல் எடுப்பு சூடுபிடிக்கிறது. டிரிப்டமைனை உண்டாக்கும் நொதியின் மரபணுவும் அதைச் செக்கோலோகனினோடு ஒட்டும் நொதியின் மரபணுவும் ஒரே குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மற்றவை பெரும்பாலும் சிதறிக் கிடக்கின்றன.

செடியே வேண்டாம், செல்களை மட்டும் தொட்டியில் வளர்ப்போம் என்று பலர் முயன்றார்கள். தொட்டிச் செல்கள் கேதரந்தினைத் தந்தன, விண்டோலின் தரவில்லை. அதற்கு வெளிச்சமும் இலையின் உள்ளமைப்பும் வேண்டும். ஒரே மாதிரிச் செல்கள் மிதக்கும் கூழில் உள்ளறை ஏது?

அடுத்து ஈஸ்ட். வழியில் கடைசியாக விடுபட்டிருந்த நொதிகளை இங்கிலாந்தின் ஜான் இன்னெஸ் மையத்தினர் 2018-ல் கண்டுபிடித்த பிறகு இது சாத்தியமானது. 2022-ல் அமெரிக்க வேதிப் பொறியாளர் ஜே கீஸ்லிங்கின் குழு 34 தாவர மரபணுக்களை ஈஸ்ட்டில் புகுத்தி, மொத்தம் 56 மாற்றங்கள் செய்து, இரண்டு பாதிகளையும் சுரக்க வைத்தது. கிடைத்தது லிட்டருக்குச் சில நூறு மைக்ரோகிராம். அந்தப் பாதிகளைச் சேர்க்கும் வேலையை ஈஸ்ட்டும் செய்யவில்லை. பிரித்தெடுத்த பிறகு, கண்ணாடிக் குடுவையில் வேதியியலாளர்களே சேர்த்தார்கள்.