எபோலா: 21 நாளுக்கு அப்பாலும் கேட்க வேண்டிய கேள்வி

எபோலா பரவலைத் துப்புத் துலக்குகிற எங்களுக்கு 21 என்ற எண் மனப்பாடம். கிருமி உடலில் புகுந்த 2 முதல் 21 நாளுக்குள் நோய் வெளிப்படும். அதனால் புதிதாக ஒருவருக்கு வந்தால், கடந்த மூன்று வாரத்தில் எந்த நோயாளியைக் கவனித்தார், எந்தச் சாவுக்குப் போனார் என்று கேட்போம். பெரும்பாலும் விடை அங்கேயே கிடைத்துவிடும்.

2015 மார்ச்சில் லைபீரியாவில் கிடைக்கவில்லை. நோய்வாய்ப்பட்ட பெண் எந்த நோயாளியையும் நெருங்கவில்லை, துக்க வீட்டுக்கும் போகவில்லை. மேலும் விசாரித்தபோது, எபோலாவிலிருந்து பிழைத்த ஒருவருடன் அவர் உறவு கொண்டிருந்தது தெரிந்தது. அந்த ஆணுக்கு நோய் தொடங்கி 199 நாள் கழித்து எடுத்த விந்து மாதிரியில் வைரஸின் மரபணுப் பொருள் இருந்தது. இருவரின் வைரஸும் மரபணு அளவில் ஒத்துப்போயின.

ரத்தத்தில் கிருமி ஒழிந்தபின்னும் விந்தகம், கண், மூளை போன்ற இடங்களில் அது பதுங்கிவிடலாம். அங்கே நம் நோயெதிர்ப்பு அணுக்கள் முழுவீச்சில் இறங்குவதில்லை.

எவ்வளவு காலம் பதுங்கும்? மேற்கு ஆப்பிரிக்காவில் 2014–16இல் நடந்த பெரும் பரவல் ஓய்ந்தபின், 2021இல் அங்குள்ள கினியா நாட்டின் நஸெரெகோரே பகுதியில் எபோலா மீண்டும் வந்தபோது எல்லோருமே திகைத்துப்போனோம். வைரஸ் ஆளுக்கு ஆள் தாவும்போது அதன் மரபணுவில் எழுத்துப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். ஐந்தாண்டுக்கும் மேல் அப்படிப் பரவியிருந்தால் நூற்றுக்கு மேல் மாற்றங்கள் இருந்திருக்க வேண்டும். இருந்தவை ஏறத்தாழ ஒரு டஜன்தான். 2014–16 பரவலின் வைரஸ் ஒரு மனித உடலில் உறங்கிக் கிடந்தது என்பதுதான் இதற்குப் பொருத்தமான விளக்கம். இது மிக அரிது, ஆனாலும் நடந்திருக்கிறது.

இதைப் படித்துவிட்டுப் பிழைத்தவர்களைக் கண்டு ஒதுங்காதீர்கள், தயவுசெய்து. குணமானவரோடு கைகுலுக்கலாம், கட்டிப்பிடிக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். உலக சுகாதார நிறுவனம் ஆண்களுக்குச் சொல்வது இதுதான்: நோய் தொடங்கி மூன்று மாதம் ஆனதும் விந்துப் பரிசோதனை, கிருமி இருந்தால் மாதாமாதம். அடுத்தடுத்து இருமுறை கிருமி இல்லை என்று வரும்வரை ஆணுறை. பரிசோதனைக்கு வழியில்லாதவர்கள் குறைந்தது 12 மாதம் ஆணுறை அணிய வேண்டும்.

விசாரிக்கப் போகும் சக ஊழியர்களுக்கு: பிழைத்தவரோடு இருந்த தொடர்பு பற்றிய கேள்வியை அண்டை அயலார் முன்னிலையில் கேட்காதீர்கள். "யாரால் வந்தது?" என்று தொடங்கினால் வாய் மூடிக்கொள்ளும். தனியாக உட்கார்ந்து, பெயர் வெளியே போகாது என்ற உறுதியைக் கொடுத்துவிட்டு, "முன்பு எபோலா வந்து பிழைத்த யாரையாவது தெரியுமா?" என்று கேளுங்கள். அந்த உறுதியைக் காப்பாற்றவும் வேண்டும். ஒருவரின் பெயர் ஊருக்குள் கசிந்தால், அடுத்தவர் பரிசோதனைக்கே வரமாட்டார்.