டிஎஸ்எச் எண் கூடிவிட்டதா? மாத்திரையைத் தொடும் முன் ஆய்வகத்துக்காரி சொல்வதைக் கேளுங்கள்

எனக்கு வாட்ஸ்அப்பில் வரும் மருத்துவக் கேள்விகள் பெரும்பாலும் ஸ்கிரீன்ஷாட்டாகத்தான் வரும். சிங்கப்பூரின் ஹெல்த்ஹப் செயலியில் வந்த ரத்தப் பரிசோதனை முடிவைப் படம் பிடித்து, எல்லையைத் தாண்டிய ஒரு எண்ணைச் சுற்றி வட்டம் போட்டு, கீழே ஒரு வரி: "அக்கா, எனக்கு தைராய்டு வந்துருச்சா?" தைராய்டு எல்லோருக்கும் கழுத்தில் பிறவியிலேயே இருக்கிறது என்று பதில் போடக் கை துடிக்கும், ஆனால் பயந்துபோய்க் கேட்பவரிடம் அப்படிச் சொல்ல முடியாது இல்லையா?

நான் மருத்துவர் இல்லை. மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்த வேதியியல் பிரிவில் வேலை. பலதுறை மருந்தகத்திலோ வார்டிலோ எடுக்கிற ரத்தம் கடைசியில் எங்களைப் போன்றவர்களிடம்தான் வந்து சேர்கிறது. உங்கள் முகத்தை நாங்கள் பார்ப்பதில்லை. குழாயில் ஒட்டிய பட்டைக்குறியீடு, வயது, ஆணா பெண்ணா, என்ன பரிசோதனை, அவ்வளவுதான் எங்கள் திரையில் வரும். நீங்கள் நேற்று என்ன மாத்திரை விழுங்கினீர்கள், உங்கள் குடும்பத்தில் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு உண்டா, ராத்திரி பதினோரு மணிக்கு பரோட்டா சாப்பிட்டீர்களா என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. ஆனால் இவை எல்லாமே நாங்கள் அனுப்பும் எண்ணை மாற்றக்கூடியவை. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் 'இயல்பு எல்லை' என்று பக்கத்தில் அச்சாகிற இரண்டு எண்கள். ஆரோக்கியமான பலரின் ரத்தத்தைப் பரிசோதித்து, நடுவில் உள்ள 95 சதவீதத்தினர் விழும் இடத்தைத்தான் எல்லையாக வைக்கிறார்கள். அதாவது ஒரு நோயும் இல்லாதவர்களிலேயே 20 பேரில் ஒருவர் எல்லைக்கு வெளியே நிற்பார், வைத்த கணக்கே அப்படி. இப்போது முழு உடல் பரிசோதனை என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை மொத்தமாகச் செய்தால், நல்ல ஆரோக்கியமானவருக்கும் ஏதாவது ஒன்று எல்லை தாண்டியிருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 64 சதவீதம். பெரிய பேக்கேஜ் எடுத்தால் நல்லது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சரி, டிஎஸ்எச்சுக்கு வருவோம். இது தைராய்டு சுரக்கும் ஹார்மோன் இல்லை, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு. தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4 ரத்தத்தில் குறைந்தால் டிஎஸ்எச் ஏறும், டி4 கூடினால் இறங்கும். இதில் முக்கியமான விஷயம், டி4 கொஞ்சம் அசைந்தாலே டிஎஸ்எச் பல மடங்கு அசையும், டி4 பாதியானால் டிஎஸ்எச் நூறு மடங்குகூட எகிறலாம். அதனால்தான் இது அருமையான பரிசோதனை, அதனால்தான் சின்ன ஏற்ற இறக்கத்துக்கு மிரளவும் கூடாது. ஒரே ஆளுக்கு நடு இரவில் உச்சத்துக்குப் போய் மதியம் தாழ்ந்துவிடும். காலை எட்டு மணிக்கு எடுத்த ரத்தத்தையும் பிற்பகல் மூன்று மணிக்கு எடுத்ததையும் ஒப்பிட்டு "கூடிவிட்டது, குறைந்துவிட்டது" என்று பேசுவதில் அர்த்தமில்லை. இரவு ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தத் தாளமே குழம்பிக் கிடக்கும். கடுமையான காய்ச்சலில் படுத்து எழுந்த வாரத்தில் டிஎஸ்எச் பார்ப்பதும் வீண், உடம்பு தேறிய பிறகு பார்த்தால் வேறு எண் வரும்.

பெரும்பாலான ஆய்வகங்களில் டிஎஸ்எச்சின் எல்லை 0.4 முதல் 4 வரை என்கிற மாதிரி இருக்கும். 5, 6, 7 என்று வந்து, டி4 மட்டும் இயல்பாக இருந்தால் அதை வெளியே தெரியாத தைராய்டு குறைவு என்பார்கள். இந்தக் கூட்டம்தான் பெரிது, குழப்பமும் இங்கேதான். வழக்கமாக இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள், பலருக்குத் தானாகவே இறங்கியிருக்கும். தைராய்டைத் தாக்கும் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) இருக்கிறதா என்று பார்த்தால், பின்னால் முற்றிய குறைவாக மாறும் வாய்ப்பு யாருக்கு அதிகம் என்று ஓரளவு தெரியும். வயதானவர்களுக்கு மாத்திரை கொடுத்தால் நல்லதா என்று ஐரோப்பாவில் நான்கு நாடுகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2017இல் முடிவு வெளியானது. 65 வயதும் அதற்கு மேலும் உள்ள 737 பேரில் பாதிப் பேருக்கு லெவோதைராக்ஸின் என்ற தைராய்டு ஹார்மோன் மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் லெவோதைராக்ஸின் சாப்பிட்டவர்களின் டிஎஸ்எச் அழகாக இறங்கியிருந்தது, ஆனால் சோர்வும் மற்ற தொந்தரவுகளும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான். எண் சரியானது, ஆளுக்கு ஒரு மாற்றமும் இல்லை. "அம்மாவுக்கு 6.1, டாக்டர் மாத்திரையே தரலை" என்று கோபப்படும் பிள்ளைகளுக்கு நான் இந்த ஆய்வைத்தான் சொல்வேன். கர்ப்பமாக இருப்பவர்கள், கருத்தரிக்க முயல்பவர்கள், டிஎஸ்எச் 10ஐத் தாண்டியவர்கள் கதை வேறு, அவர்கள் தள்ளிப்போடக் கூடாது.

இப்போது என் பிரிவில் நாங்கள் அதிகம் தலையைப் பிய்த்துக்கொள்ளும் விஷயம்: பயோட்டின் என்ற வைட்டமின். முடி கொட்டுகிறது என்று மருந்துக் கடைகளில் வாங்கும் "முடி, தோல், நகம்" டப்பாக்களில் இதுதான் நாயகன். ஒரு பெரியவருக்கு நாளுக்கு 30 மைக்ரோகிராம் போதும், டப்பாவில் 5,000, 10,000 என்று போட்டிருப்பார்கள். உடம்புக்குப் பெரிய கெடுதல் இல்லை, கூடுதலானது சிறுநீரில் போய்விடும். கெடுவது பரிசோதனை. பல இயந்திரங்களில் ஹார்மோனைப் பிடிக்கும் ஆன்டிபாடியில் பயோட்டினை ஒட்டி வைத்திருப்பார்கள், அது ஸ்ட்ரெப்டாவிடின் என்ற, பயோட்டினைக் கவ்விப் பிடிக்கும் புரதம் பூசிய நுண்மணிகளில் போய் ஒட்டிக்கொண்டால்தான் அளவு தெரியும். ரத்தத்திலேயே பயோட்டின் குவிந்து கிடந்தால், காலை நேர எம்ஆர்டி ரயிலில் நாம் ஏறும் முன்பே இருக்கையெல்லாம் நிரம்பியிருப்பது போல, அந்த மணிகளில் இடம் இருக்காது. விளைவு, டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்து தெரியும். டி4 பரிசோதனை நேர்மாறான முறையில் வேலை செய்வதால் அது பொய்யாகக் கூடித் தெரியும். டிஎஸ்எச் கீழே, டி4 மேலே: புத்தகத்தில் படிக்கும் தைராய்டு மிகைப்புக்கு அச்சு அசலான படம்! தைராய்டை மிகையாகச் சுரக்க வைக்கும் கிரேவ்ஸ் நோயைக் காட்டும் ஆன்டிபாடி பரிசோதனையிலும் இதே கோளாறு வரலாம். ஆளோ எடை குறையாமல், கை நடுங்காமல், படபடப்பு இல்லாமல் ஜம்மென்று உட்கார்ந்திருப்பார்.

அனுபவமுள்ள மருத்துவர் இங்கேதான் ஆய்வகத்துக்குப் போன் போடுவார். "எண்ணும் ஆளும் ஒத்துப்போகவில்லையே" என்பார். நாங்கள் என்ன சப்ளிமென்ட் என்று கேட்கச் சொல்வோம், டப்பா வெளியே வரும். ஆனால் நோயாளியிடம் "மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா" என்று மட்டும் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார், ஏனென்றால் அவர் கணக்கில் அது மருந்தே இல்லை, வைட்டமின். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017 நவம்பரில் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது, பயோட்டினால் மாரடைப்புப் பரிசோதனையான ட்ரோபோனின் பொய்யாகக் குறைந்து காட்டியதோடு தொடர்புடைய ஒரு மரணத்தையும் அதில் குறிப்பிட்டது. அதன் பிறகு பல நிறுவனங்கள் தங்கள் முறைகளை மாற்றியிருக்கின்றன, ஆனால் எந்த ஆய்வகத்தில் எந்த இயந்திரம் என்று உங்களுக்குத் தெரியாது. அதனால் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள், மருத்துவர் மிக அதிக அளவில் எழுதிக் கொடுத்திருந்தால் எத்தனை நாள் என்று அவரிடமே கேளுங்கள்.

சர்க்கரைக்கு வந்தால் இங்கேயும் அதே கதை வேறு உருவில். எச்பிஏ1சி என்பது சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையின் அளவு. சர்க்கரை நோயாளிகளின் ஹீமோகுளோபினில் இப்படி ஒரு மாற்றம் இருப்பதை 1968இல் தெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் என்ற ஆய்வாளர் கவனித்ததிலிருந்து தொடங்கியது இது. சிவப்பணு சுமார் 120 நாள் வாழும், அதனால் இரண்டு மூன்று மாத சராசரி கிடைக்கிறது. சிங்கப்பூரில் 6.0 சதவீதம் வரை சரி, 7.0ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய், 6.1 முதல் 6.9 வரை வந்தால் வெறும் வயிற்றிலோ குளுக்கோஸ் கரைசல் குடித்தோ இன்னொரு பரிசோதனை.

எல்லாமே அந்த 120 நாளை நம்பித்தான் நிற்கிறது. சிவப்பணு சீக்கிரம் அழிந்தால் சர்க்கரை ஒட்ட நேரமில்லை, எச்பிஏ1சி பொய்யாகக் குறையும். ரத்தம் ஏற்றியிருந்தாலும் எண்ணை நம்ப முடியாது. மாறாக இரும்புச் சத்துக் குறைவில் பொய்யாகக் கூடலாம், மாதவிடாயில் அதிகம் ரத்தம் போகும் நம் பெண்களிடம் இது சாதாரணம். இங்கே இன்னொன்று, சிங்கப்பூரில் தலசீமியா மரபணு சுமப்பவர்கள் சீனர், மலாய்க்காரர், இந்தியர் மூன்று இனங்களிலும் உண்டு, தென்கிழக்காசியாவில் ஹீமோகுளோபின் இ என்ற பரம்பரை மாறுபாடு பரவலாக இருக்கிறது. சில இயந்திரங்கள் இந்த மாறுபாட்டைத் திரையில் காட்டிக்கொடுக்கும், சில ஒன்றும் சொல்லாமல் ஒரு எண்ணைக் கொடுத்துவிடும். விரலில் குத்திப் பார்க்கும் அளவும் எச்பிஏ1சியும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்றால் குளுக்கோமீட்டரைத் திட்டுவதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். ஃப்ரக்டோசமைன் என்று ஹீமோகுளோபினை நம்பாத பரிசோதனையும் இருக்கிறது.

வெறும் வயிறு என்றால் எட்டு மணி நேரம், தண்ணீர் மட்டும். "சாப்பிடலை, ஒரு தே சியூ டாய் மட்டும்தான் குடிச்சேன்" என்பது வெறும் வயிறு இல்லை, அது சீனி குறைத்த டீதான் என்றாலும் அதில் பால் இருக்கிறது! இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. குளுக்கோஸ் குடிக்கும் பரிசோதனைக்கு முன் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று மூன்று நாள் சோறே தொடாமல் வருபவர்களுக்கு, உடம்பு திடீர் சர்க்கரையைச் சமாளிக்க முடியாமல் எண் கூடித்தான் வரும். வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு எந்த எண்ணையும் நம்ப வேண்டாம் என்று கிளம்பிவிடாதீர்கள். திடகாத்திரமான இளைஞன், ராத்திரி வயிறு முட்டச் சோறும் இனிப்புப் பானமும், அல்லது கடுமையான உடற்பயிற்சி, காலையில் எழுந்தால் கால் அசையவில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் அதலபாதாளத்தில். தைராய்டு மிகைப்பால் வரும் தற்காலிக முடக்கம் இது, ஆசிய ஆண்களிடம்தான் அதிகம், அதுவரை தனக்கு தைராய்டு கோளாறு இருப்பதே பலருக்குத் தெரிந்திருக்காது. இந்த மாதிரி எண் வந்தால் நாங்கள் உடனே போனை எடுத்து மருத்துவரைக் கூப்பிடுவோம். பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தில் இங்கே டிஎஸ்எச் பார்ப்பதும் அப்படித்தான், அங்கே தாமதித்தால் மூளை வளர்ச்சி போய்விடும். கொலஸ்ட்ரால் காரணமில்லாமல் ஏறியிருக்கிறது என்றால் மாத்திரை ஆரம்பிக்கும் முன் டிஎஸ்எச் பார்ப்பதும் நல்ல பழக்கம், தைராய்டு குறைவே அதை ஏற்றியிருக்கலாம்.

ஆனால் ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள் "எதற்கும் இருக்கட்டும்" என்று கழுத்தில் ஸ்கேன் எடுப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். தென்கொரியாவில் அப்படிப் பரவலாக ஸ்கேன் எடுக்க ஆரம்பித்த பிறகு, 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட வீதம் 1993இல் இருந்ததைப்போல 15 மடங்கானது. இறப்பு வீதம் அசையவே இல்லை. ஆயுள் முழுக்கத் தொந்தரவு தராமல் கிடந்திருக்கும் கட்டிகளுக்காகப் பலர் சுரப்பியை இழந்து, தினமும் மாத்திரை சாப்பிடுகிறார்கள்.

மாத்திரை ஏற்கனவே சாப்பிடுபவர்களுக்குச் சில வார்த்தைகள். லெவோதைராக்ஸினை எழுந்ததும் தண்ணீரோடு போட்டுவிட்டு, காப்பிக்கும் பசியாறலுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுங்கள். கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அளவு மாற்றிய மறுவாரமே ரத்தம் கொடுக்க வராதீர்கள், டி4 பாதியாகக் கரையவே ஏழு நாள் ஆகும், டிஎஸ்எச் நிலைகொள்ள ஆறு முதல் எட்டு வாரம். டி4 பார்க்கும் அன்று காலை மாத்திரையை ரத்தம் எடுத்த பிறகு போடுங்கள், போட்ட சில மணி நேரத்துக்கு டி4 ஏறி நிற்கும். அப்புறம், வீட்டில் இருக்கும் எல்லா டப்பாக்களையும், ஊரிலிருந்து வந்த லேகியம் உட்பட, லேபிள் தெரியப் போனில் படம் எடுத்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் படிவத்தில் "பயோட்டின் சாப்பிடுகிறார்" என்று ஒரு வரி எழுதிவிட்டால், நாங்கள் அந்த ரத்தத்தை வேறு முறையில் ஓட்டிப் பார்ப்போம், இல்லையென்றால் சில நாள் கழித்து மறுபடி அனுப்பச் சொல்வோம்.