பிராக் நகரைத் தனியாக நடந்து பார்க்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

இந்த மாதத்தில் மட்டும் இது மூன்றாவது. அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் செக் நாட்டுத் தலைநகரான பிராகில், கோட்டைக் குன்றிலிருந்து இறங்கும் நெருதோவா தெருச் சரிவில் மழை ஈரத்தில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டு எலும்பு முறிந்து, மீதி நாட்களை ஓட்டல் அறையில் படுத்தே கழித்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார். அவர்மேல் குறை சொல்ல மனம் வரவில்லை. கையில் இருந்த திட்டம் அப்படி: காலை 9 மணிக்குப் பழைய நகரச் சதுக்கம், 10 மணிக்குச் சார்லஸ் பாலம், 11 மணிக்குக் கோட்டை, 1 மணிக்குச் சாப்பாடு. காலில் அந்தப் பயணத்துக்கென்றே வாங்கிய புதுத் தோல் ஷூ.

இப்படித் திட்டம் போடுகிற எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "மேப்ல நாலு கிலோமீட்டர்தானே காட்டுது, ஒரு மணி நேரத்துல நடந்துட மாட்டோமா?"

மாட்டீர்கள். மேப் கணக்குப் போடுவது எங்கும் நிற்காமல், சீரான வேகத்தில், ஒரு வேலையாகப் போய்க்கொண்டிருக்கும் ஆளுக்கு. நீங்கள் போவது நிற்பதற்காக. சார்லஸ் பாலத்தின் நீளம் 516 மீட்டர். மேப் அதற்கு ஆறேழு நிமிடம் தரும். பாலத்தின் இருபுறமும் 30 சிலைகள், அகலம் பத்து மீட்டருக்கும் சற்றுக் குறைவு, பகல் பத்து மணிக்கு மேல் தோளோடு தோள் உரசும் கூட்டம். முக்கால் மணி நேரம் ஆகும். கோட்டை வாசலில் பாதுகாப்புச் சோதனை வரிசை உண்டு, அது எவ்வளவு நீளும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கோட்டைக்குள் இருக்கும் புனித விட்டஸ் தேவாலயத்துக்குள் முக்கால் மணி, பழைய அரண்மனைக்கும் புனித ஜார்ஜ் ஆலயத்துக்கும் சேர்த்து ஒரு மணி. அந்தத் தேவாலயத்தின் தெற்குக் கோபுரத்தில் ஏறுவதானால் 287 படி, இறங்கி மூச்சு வாங்கவும் சேர்த்து இன்னொரு முக்கால் மணி. சாப்பாடு, கழிப்பறை, போட்டோ எதையும் இதில் சேர்க்கவில்லை. உண்மையான கணக்கு ஏழெட்டு மணி நேரம்.

மேப் மறைக்கும் இன்னொன்று உயரம். திரையில் எல்லாமே தட்டையான கோடு. ஆனால் கோட்டை இருக்கும் குன்று வல்டவா ஆற்றிலிருந்து சுமார் 70 மீட்டர் மேலே. இருபது மாடிக் கட்டடத்தைவிட உயரம். அதைக் காலையிலேயே மூன்று மணி நேரம் நடந்து களைத்த காலோடு, பசி நேரத்தில் ஏறுவதும், பிறகு அதே காலோடு கல் பாவிய சரிவில் இறங்குவதும்தான் இந்த விபத்துகளின் மூல காரணம். விழுகிறவர்களில் பெரும்பாலோர் விழுவது ஏறும்போது அல்ல, பிற்பகலில் இறங்கும்போது.

ஆகவே முதல் வேண்டுகோள்: இரண்டு நாளாகப் பிரியுங்கள். முதல் நாள் மேலே, அதாவது ஸ்ட்ரஹோவ் மடம், கோட்டை, அங்கிருந்து கீழே இறங்குவது. இரண்டாம் நாள் விடியற்காலையில் பாலம், பிறகு பழைய நகரம். ஒரே நாள்தான் கைவசம் என்றால் கோட்டைக்குள் தேவாலயத்தை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, மேலிருந்து தொடங்குங்கள். 22ஆம் எண் டிராமில் ஏறி போஹோர்ஷெலெட்ஸ் நிறுத்தத்தில் இறங்கினால் ஏற்றம் முழுவதையும் டிராம் பார்த்துக்கொள்ளும். தண்டவாள வேலை நடக்கும் நாட்களில் வழி மாறும், நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பாருங்கள். தாள் டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது. ஏறியவுடன் மஞ்சள் நிறப் பெட்டியில் ஒரே ஒரு முறை முத்திரை குத்த வேண்டும். மெட்ரோவாக இருந்தால் நடைமேடைக்கு இறங்கும் முன்பே. முத்திரை இல்லாத டிக்கெட் டிக்கெட்டே இல்லை. சாதாரண உடையில் வரும் பரிசோதகர் சட்டைப்பையிலிருந்து அடையாள வில்லையை எடுத்துக் காட்டியதும் "நாங்க டூரிஸ்ட்" என்று சொல்வதில் பயனில்லை.

சாலையைக் கடக்கும்போது ஒரு விஷயம். நம் ஊரிலும், இலங்கை, மலேசியா, சிங்கப்பூரிலும் வண்டிகள் இடப்பக்கம் ஓடும். தலை தானாக முதலில் வலப்பக்கம் திரும்பும். அங்கே வலப்பக்கம் ஓடுவதால் உங்களுக்கு அருகில் வரும் வண்டி இடப்பக்கத்திலிருந்து வரும். நடப்பவர்களுக்காகக் கார் நிற்கும் ஜீப்ரா கோட்டில் டிராமும் நிற்கும் என்று நினைக்க வேண்டாம். செக் சட்டப்படி நடப்பவர்களைவிட டிராமுக்குத்தான் முன்னுரிமை. மணி அடித்தால் பின்வாங்குங்கள்.

இனி கல். பிராக் நடைபாதைகளில் சின்னச் சின்னக் கனசதுரக் கற்களை மொசைக் போலப் பதித்திருப்பார்கள். வண்டி ஓடும் பகுதியில் பெரிய கற்கள். விளிம்பு தேய்ந்து மண்டை போல உருண்ட பழைய கற்களுக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பேர் 'பூனைத் தலை'. காய்ந்திருக்கும்போது கணுக்காலைத் திருப்பும், நனைந்தால் வழுக்கும். தோல் அடிப்பாகம் உள்ள ஷூ கூடவே கூடாது. பள்ளம் மேடு வெட்டிய ரப்பர் அடிப்பாகம், குதிகாலை இறுக்கிப் பிடிக்கும் கட்டு, ஊரிலேயே குறைந்தது 40 கிலோமீட்டர் நடந்து பழகிய ஷூ, இவை போதும். சரிவில் இறங்கும்போது சின்ன அடி, முழங்கால் லேசாக மடங்கி இருக்கட்டும், கையில் செல்போன் வேண்டாம். கட்டடத்தைப் பார்க்க வேண்டுமா, நின்று பாருங்கள். நடக்க வேண்டுமா, தரையைப் பாருங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்ட்ரஹோவ் மடத்தைப் பார்த்த பிறகு போஹோர்ஷெலெட்ஸிலிருந்து லொரேட்டா திருத்தலம் வழியாக ஹ்ரட்சனி சதுக்கம் வந்துவிடுங்கள். கோட்டை வாசலுக்கு ஓடாமல் சதுக்கத்தின் தெற்குப் பக்கத்தில் ஷ்வார்ட்ஸன்பெர்க் மாளிகைமுன் ஐந்து நிமிடம் நில்லுங்கள். 1545க்கும் 1567க்கும் இடையில் கட்டியது. சுவர் முழுக்கப் பட்டை தீட்டிய கூம்புக் கற்கள் துருத்திக்கொண்டிருப்பது போலத் தெரியும். சுவரை ஒட்டி நின்று பக்கவாட்டில் பாருங்கள். ஒரு கல்கூடத் துருத்தவில்லை, முழுச் சுவரும் தட்டை. முதலில் கருமையான காரை பூசி, அதன்மேல் வெள்ளைச் சுண்ணாம்பை மெல்லியதாகப் பூசி, ஈரம் காயும் முன் மேல்பூச்சைச் சுரண்டினால் அடியிலுள்ள கருப்பு கோடாகவும் நிழலாகவும் வெளிப்படும். ஸ்கிராஃபிட்டோ என்று பேர். நகரம் முழுக்க இதைப் பார்ப்பீர்கள், இங்கே ஒரு தடவை புரிந்துவிட்டால் போதும்.

கோட்டை முற்றங்களில் நடக்கக் கட்டணம் இல்லை, கட்டடங்களுக்குள் நுழையத்தான் டிக்கெட். கட்டடங்கள் கோடையில் மாலை 5 மணிக்கு, குளிர்காலத்தில் 4 மணிக்கே மூடிவிடும். ஞாயிறு காலை வழிபாடு நடப்பதால் தேவாலயத்தில் பார்வையாளர்களை நண்பகல்வரை விடமாட்டார்கள். இதைப் பார்க்காமல் ஞாயிறு காலையைக் கோட்டைக்கு ஒதுக்கி ஏமாறுகிறவர்கள் வாராவாரம் உண்டு.

புனித விட்டஸ் தேவாலயத்தின்முன் நின்று எல்லோரும் படம் எடுக்கும் மேற்கு முகப்பும் இரட்டைக் கோபுரமும் 14ஆம் நூற்றாண்டினுடையவை அல்ல. 1344இல் மத்தியாஸ் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் கிழக்கு முனையில் தொடங்கினார். அவர் இறந்த பிறகு 1356இல் இருபது சொச்சம் வயதில் பீட்டர் பார்லர் வந்தார். 1385இல் கருவறைப் பகுதி முடிந்தது. 15ஆம் நூற்றாண்டில் ஹுஸைட் என்ற மதச் சீர்திருத்தக்காரர்களின் போர்களில் வேலை நின்று, தேவாலயம் பல நூற்றாண்டு பாதியிலேயே கிடந்தது. மேற்குப் பாதியைக் கட்டி முடித்தது 1929இல். உள்ளே நடு நடையிலிருந்து கிழக்கே போகும்போது தலையை உயர்த்துங்கள். பார்லர் கட்டிய கூரையில் விலா எலும்பு போன்ற கல் வளைவுகள் இரட்டை இரட்டையாக ஓடி வலை பின்னியிருக்கும். வெளியே வந்து தெற்குப் பக்கம் போனால் தங்க வாசலுக்கு மேல் 1370, 71இல் பதித்த இறுதித் தீர்ப்பு மொசைக். அந்தத் தெற்குப் பக்கத்தை எட்டிக்கூடப் பார்க்காமல் போகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அடுத்தது பழைய அரண்மனையின் விளாதிஸ்லாவ் மண்டபம். பெனடிக்ட் ரீட் 1493 முதல் 1502 வரை கட்டியது, 62 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம், நடுவில் ஒரு தூண் கிடையாது. கூரை விலாக்கள் சுவரிலிருந்து கொடி போல முளைத்து, வளைந்து ஒன்றையொன்று தாண்டிப் போகும், இது இடைக்காலத்து கோதிக் பாணி. ஜன்னல்களைப் பாருங்கள், அவை நேர்கோட்டு மறுமலர்ச்சிப் பாணி. ஒரே ஆள், ஒரே மண்டபம், இரண்டு காலம். பக்கத்துப் படிக்கட்டு அகலமாக, தாழ்வாக இருப்பது வீரர்கள் குதிரையோடு ஏறி வந்து உள்ளே போட்டி நடத்தியதால்.

கீழே இறங்க முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் பிரஷ்ஸ்கி ஹ்ராட் நிறுத்தத்தில் மறுபடி 22ஆம் எண் டிராமில் ஏறி மலோஸ்ட்ரான்ஸ்கே சதுக்கத்தில் இறங்குங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நடந்து இறங்குகிறவர்கள் நெருதோவா தெருவில் வாசல்களுக்கு மேலே பாருங்கள்: மூன்று வயலின், இரண்டு சூரியன், சிவப்பு ஆட்டுக்குட்டி. 1770இல் வீட்டு எண் வரும்வரை இவைதான் முகவரி. இப்போது ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு தகடு. சிவப்பு அந்த நகர்ப் பகுதியின் பதிவேட்டு எண், நீலம்தான் தெருவில் வரிசையாக வரும் எண். சிவப்பைப் பார்த்துத் தங்கும் விடுதியைத் தேடி அலைவது தினமும் நடக்கிறது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முன் பாலத்தில் இருங்கள். மேற்கு முனைக் கோபுரங்கள் இரண்டில் குள்ளமானது, 1342 வெள்ளத்தில் இடிந்த முந்தைய ஜூடித் பாலத்தின் மிச்சம். இப்போதைய பாலத்துக்கு 1357இல் அடிக்கல் நாட்டினார்கள். சிலைகளில் பல நகல்கள். மணற்கல் மழையிலும் புகையிலும் கரைவதால் மூலச் சிலைகளைக் கட்டடங்களுக்குள் வைத்துவிட்டார்கள். கடந்து முடித்ததும் திரும்பிப் பழைய நகரக் கோபுரத்தைப் பாருங்கள். நகரத்தைப் பார்த்த கிழக்கு முகத்தில் அரசர்களின் சிலைகள் நிற்கும். ஆற்றைப் பார்த்த மேற்கு முகம் மொட்டை, 1648இல் சுவீடன் படையின் தாக்குதலில் சிதைந்தது.

பழைய நகரச் சதுக்கத்தில் 1410இல் அமைத்த வானியல் கடிகாரத்தில் காலை 9 முதல் இரவு 11 வரை மணிக்கொரு முறை இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களின் பொம்மைகள் வரும். அப்போது நூற்றுக்கணக்கானவர்கள் அண்ணாந்து நிற்பார்கள், ஜேப்படிக்காரனுக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. பையை முன்பக்கம் மாட்டி ஜிப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். முகப்பை நிதானமாகப் பார்க்க மணி பத்து நிமிடம் கடந்த பிறகு வாருங்கள். அங்கேயே இன்னொன்று: வெள்ளத்துக்குப் பயந்து 13ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியின் தெருமட்டத்தை உயர்த்தினார்கள். அதனால் பல வீடுகளின் அன்றைய தரைத்தளம்தான் இன்றைய நிலவறை. நிலவறை உணவகத்தில் உட்கார்ந்தால் நீங்கள் இருப்பது பல சமயம் கோதிக்குக்கு முந்தைய ரோமனெஸ்க் காலத்து முன்னறையில். சுவரைத் தொட்டுப் பாருங்கள்.

பணம் மாற்றுவதைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அங்கே கொருனாதான் நாணயம். 'கமிஷன் இல்லை' என்ற பலகையைப் பார்க்காதீர்கள், கைக்கு எத்தனை கொருனா வரும் என்று முதலில் கேளுங்கள். தெருவில் நல்ல விலை தருகிறேன் என்று வருபவன் தருவது வேறு நாட்டுச் செல்லாக் காசாக இருக்கும். கடையில் ஏமாந்துவிட்டால் 2019 முதல் ஒரு சட்டம் இருக்கிறது: 1000 யூரோ மதிப்புவரை மாற்றியதை மூன்று மணி நேரத்துக்குள் அதே கடையில் ரத்து செய்யலாம். ரசீதைக் கசக்கிப் போடாதீர்கள்.

செலெட்னா தெருவில் கருப்பு மடோனா வீட்டைத் தவறவிடாதீர்கள். யோசெஃப் கோச்சார் 1911, 12இல் கட்டிய கியூபிசக் கட்டடம், ஓவியத்தில் பிறந்த பாணியைக் கட்டடத்துக்குக் கொண்டுவந்த அபூர்வம் பெரும்பாலும் செக் நாட்டுக்கே உரியது. ஜன்னல்கள் பட்டை வெட்டிய கண்ணாடி போல மடங்கி வரும். அங்கிருந்து சில நிமிடத்தில் வெடிமருந்துக் கோபுரமும், 1912இல் முடிந்த நகராட்சி மாளிகையும். எதிரிலேயே டிராம், மெட்ரோ இரண்டும் இருக்கின்றன. அம்மா அப்பாவோடு போகிறவர்கள் தங்கும் இடத்துக்கு அங்கிருந்து வண்டியிலேயே திரும்புங்கள். "இன்னும் ஒரு கிலோமீட்டர்தான், நடந்துடலாம்" என்று அவர்களிடம் சொல்லாதீர்கள்.