சொப்ரானோ: சவரனுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம், தமிழ்ல என்ன சொல்லலாம்?

சர்ச் கொயர்ல பாடி வளந்தவங்களுக்கு இந்தச் சொல்லு புதுசே இல்ல, கிறிஸ்மஸ் பிராக்டிஸ் ஆரம்பிக்கறப்போ மாஸ்டர் ஒவ்வொருத்தர் குரலையும் கேட்டுப் பார்த்துட்டு நீ சொப்ரானோ, நீ ஆல்டோ, அந்தப் பக்கம் டெனர், பின்னாடி பேஸ்னு பிரிச்சு நிக்க வெச்சிடுவார். நானும் சொப்ரானோ வரிசையில நின்னவதான். சொப்ரானோன்னா என்னன்னு கேட்டா "மேல பாடறது"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாங்க. அப்போ அது சும்மா வாய்க்கு வந்த பதில்னு நெனச்சேன், ஆனா ரொம்ப வருஷம் கழிச்சு மரியா காலாஸ்ங்கற ஓபரா பாடகியோட பாட்டுல விழுந்து (ஓபரான்னா முழுக்கப் பாட்டாவே நடக்கற மேலைநாட்டு இசை நாடகம்), அவங்களப் பத்தித் தேடித்தேடிப் படிச்சப்போதான் அந்தச் சொல்லுக்கு அத விட நேரான அர்த்தம் இல்லவே இல்லன்னு தெரிஞ்சுது.

இத்தாலிய மொழியில சோப்ரான்னா "மேல". லத்தீன்ல சுப்ரா. அதோட கூடப் பொறந்த சூப்பர்ங்கற சொல்லுலேருந்து பேச்சு லத்தீன்ல சூப்பரானுஸ்னு ஒரு சொல் வருது, மேல இருக்கறது, மேல இருக்கறவன்னு அர்த்தம். அது இத்தாலிக்குப் போய் சொப்ரானோ ஆச்சு, பிரான்ஸ் வழியா இங்கிலீஷுக்குப் போய் சாவரின் ஆச்சு, அதாவது எல்லாருக்கும் மேல இருக்கற மன்னர். அந்தப் பேர்ல இங்கிலாந்துல ஒரு தங்கக்காசு அடிச்சாங்க, அந்தக் காசு நம்ம ஊருக்கு வந்து நகைக்கடை வாசல்ல தெனமும் விலை எழுதிப் போடற சவரன் ஆச்சு. ஆக சவரனும் சொப்ரானோவும் ஒரே பாட்டியோட பேத்திங்க. எனக்கு இது தெரிஞ்ச அன்னைக்கு வீட்ல பாக்கறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

சரி, எதுக்கு மேல? அதுதான் முக்கியம். ஐரோப்பாவுல பல குரல் சேர்ந்து பாடற சர்ச் இசை வளந்த காலத்துல, மூலப்பாட்டை நீட்டி நீட்டிப் பிடிச்சுக்கிட்டு இருந்த குரலுக்கு டெனர்னு பேர், லத்தீன்ல தெனேரேன்னா பிடிக்கறது, தாங்கறது. அதுக்கு மேல ஓடின குரல் ஆல்டுஸ், அப்படின்னா "உயர்ந்தது", இன்னைய ஆல்டோ. டெனருக்குக் கீழ போனது பாஸுஸ், இன்னைய பேஸ். ஆல்டோவுக்கும் மேல, எல்லாத்துக்கும் மேல போன வரிக்குத்தான் சுப்பீரியுஸ்னு பேர், அது நிக்கற இடத்துலதான் பின்னாடி சொப்ரானோ வந்து உக்காந்துச்சு. இங்க கவனிக்க வேண்டியது, சொப்ரானோங்கறது முதல்ல ஒரு ஆளோட பேரே இல்ல, ஒரு பெண்ணோட பேரும் இல்ல, பாட்டுல ஒரு இடத்தோட பேர்.

அதனாலதான் இத்தாலிய இலக்கணத்துல சொப்ரானோ இன்னைக்கும் ஆண்பால். பாடறது பெண்ணா இருந்தாலும் பழைய வழக்கு ஆண்பால்தான். அதுக்குப் பின்னாடி வருத்தமான கதை ஒண்ணு இருக்கு. கத்தோலிக்க சர்ச்ல பெண்கள் பாடக்கூடாது, போப் ஆட்சி நடந்த பகுதிகள்ல நாடக மேடையிலயும் ஏறக்கூடாது, அப்போ மேல் வரிய யாரு பாடறது? சின்னப் பசங்க பாடினாங்க. அது போதாதுன்னு, பசங்களுக்குக் குரல் ஒடையறதுக்கு முன்னாடியே விதையடிச்சு அந்தக் குரல அப்படியே நிறுத்தி வெச்சாங்க. காஸ்ட்ராட்டோன்னு அவங்களுக்குப் பேர். பெரியாளோட நெஞ்சும் மூச்சும், பையனோட தொண்டையும். அந்த வரிசையில கடைசியா வந்த அலெஸ்ஸாண்ட்ரோ மொரெஸ்கி 1922ல இறந்தார், 1902லயும் 1904லயும் அவர் பாடின ரெக்கார்ட் இருக்கு, கேட்டா அன்னைக்கு தூக்கம் வராது. நாம இன்னைக்கு "சொப்ரானோ பாடகி"ன்னு சாதாரணமா சொல்றோம், அந்த இடம் பெண்களுக்கு முழுசா வந்து சேர எத்தனை காலம் ஆச்சுங்கறத இந்தச் சொல்லோட ஆண்பால் விகுதியே காட்டிக்கொடுக்குது.

இப்போ எவ்வளவு மேலன்னு பாக்கலாம். நம்ம கச்சேரிக் கணக்குல சொன்னா சட்டுனு புரியும். ஆர்மோனியத்துல 1 கட்டைன்னா ஸி, 5 கட்டைன்னா ஜி. 5 கட்டை சுருதியில பாடற ஒரு அம்மா மேல் ஸ்தாயி பஞ்சமத்தைத் தொட்டா அது சுமார் 587 ஹெர்ட்ஸ். ஓபரா சொப்ரானோவோட ஹை ஸி சுமார் 1047 ஹெர்ட்ஸ், அதாவது அந்தப் பஞ்சமத்துக்கும் மேல இன்னொரு ஸ்தாயிக்குக் கொஞ்சம் கம்மியா ஏறணும். மோட்சார்ட்டோட மேஜிக் ஃப்ளூட் ஓபராவுல இரவின் ராணி பாடற பாட்டு அதையும் தாண்டி எஃப் வரைக்கும் போகும். இதுல யார் ஒசத்தின்னு பேச்சே இல்ல, நம்ம சங்கீதம் நெஞ்சுக்குரலோட பலத்துல நிக்குது, அவங்க தலைக்குரலைப் பழக்கி எடுக்கறாங்க, ரெண்டும் வேற வேற பயிற்சி.

இன்னொண்ணு, மைக் கிடையாது. முழு ஆர்கெஸ்ட்ரா முன்னாடி வாசிக்க, அதத் தாண்டி கடைசி வரிசை பால்கனிக்குப் போய்ச் சேரணும். மேல போகப் போக வாய அகலமாத் திறந்தாத்தான் சத்தம் பெருகும், அதனால இ, உ எல்லாம் மெல்ல மெல்ல ஆ மாதிரி ஆயிடும். ஓபரா கேட்டவங்க "மேல போனா வார்த்தையே புரியலயே"ன்னு சொல்றது பாடகியோட அலட்சியம் இல்லைங்க, அந்த உயரத்துல தொண்டையும் வாயும் வேலை செய்யற விதமே அப்படி.

மரியா காலாஸுக்கு வர்றேன். 1923 டிசம்பர் 2, நியூயார்க்ல பொறந்தாங்க, கிரீஸ்லேருந்து குடியேறின குடும்பம், அப்பா மருந்துக்கடை வெச்சிருந்தார், கலோகெரோபூலோஸ்ங்கற நீளமான குடும்பப் பேரை அமெரிக்கக்காரங்க வாயில நுழையற மாதிரி சுருக்கிக்கிட்டார். 1937ல அம்மா பொண்ணுங்களக் கூட்டிக்கிட்டு ஏதென்ஸுக்குத் திரும்பிட்டாங்க. அங்க எல்விரா தெ இதால்கோன்னு ஒரு ஸ்பானிஷ் பாடகிதான் குரு. காலையில மத்த மாணவிகளோட பாடம் ஆரம்பிக்கறப்போ வந்து உக்காந்தா கடைசி ஆள் போறவரைக்கும் எல்லார் பாடத்தையும் கேட்டுக்கிட்டே இருப்பாங்களாம், குருகுலம்னு நாம சொல்றதுக்குக் கிட்டத்தட்ட அதேதான். கிட்டப்பார்வை வேற, மேடையில கண்ணாடி இல்லாம, ஆர்கெஸ்ட்ராவ நடத்தற கன்டக்டரோட கை அசைவு தெரியாது, அதனால ஓபராவோட முழு இசைக்குறிப்பையும் மனப்பாடம் பண்ணி ரத்தத்துல ஏத்திக்கிட்டுத்தான் மேடை ஏறினாங்க. 1942ல, போர்ல ஏதென்ஸ் எதிரிங்க கையில இருந்தப்போ, 18 வயசுல டோஸ்காங்கற ஓபரா பாடினாங்க.

இத்தாலிக்கு வந்தது 1947 ஆகஸ்ட், வெரோனாவுல ரோமானியர் காலத்துத் திறந்தவெளி அரங்கு, லா ஜோகோண்டாங்கற ஓபரா, கன்டக்டர் துல்லியோ செராஃபின். சொப்ரானோங்கற சொல்லுக்குள்ள எத்தனை அறை இருக்குன்னு உலகத்துக்குக் காட்டின சம்பவம் அதுக்கப்புறம் 1949 ஜனவரியில வெனிஸ்ல நடந்துச்சு. அதச் சொல்றதுக்கு முன்னாடி அந்த அறைகளச் சொல்லணும். பிருகா மாதிரி பொடிப்பொடியா வேகமா உதிர்றது கொலரட்டூரா. நீளமா இழைஞ்சு வர்றது லிரிக். அதுலேயே அழுத்தம் கூடினா ஸ்பின்டோ, தள்ளினதுன்னு அர்த்தம். ஆர்கெஸ்ட்ராவ வெட்டிக்கிட்டு வர்ற கனமான குரல் டிராமடிக். ஒரு பாடகி இதுல ஒண்ணுல உக்காந்தா வாழ்நாள் பூரா பெரும்பாலும் அங்கேயேதான்.

காலாஸ் அந்த ஜனவரியில லா ஃபெனிச்சே அரங்குல வாக்னரோட வால்கூரே ஓபராவுல புரூன்ஹில்டேங்கற ரோல் பாடிக்கிட்டு இருந்தாங்க, டிராமடிக்லயே கனமான ரோல். அதே அரங்குல அடுத்து பெல்லினியோட இ புரிட்டானிங்கற ஓபரா, எல்விராங்கற மெல்லிய கொலரட்டூரா ரோல், அத பாட வேண்டிய மார்கெரிட்டா கரோசியோவுக்கு உடம்பு சரியில்லாமப் போச்சு. நீயே பாடுன்னார் செராஃபின். பகல்ல புது ரோலக் கத்துக்கிட்டு, ராத்திரி புரூன்ஹில்டேவா நின்னு, ஒரு வாரத்துக்குள்ள பாடம் பண்ணி, 19ஆம் தேதி எல்விராவா மேடை ஏறினாங்க. கடா சண்டைக்கு நிக்கற குரலும் கிளி கொஞ்சற குரலும் ஒரே தொண்டையில, ஒரே மாசத்துல. அதுக்கப்புறம்தான் அவங்க பேர் இத்தாலி பூரா பரவுச்சு, 1951 டிசம்பர் 7 மிலான் லா ஸ்காலா ஓபரா அரங்கோட சீசனையே அவங்கதான் திறந்து வெச்சாங்க.

அந்தக் குரல் அழகான குரலான்னு கேட்டா இன்னைக்கும் சண்டைதான். கீழ ஒரு நிறம், நடுவுல துணி மூடின மாதிரி ஒரு நிறம், மேல கத்தி மாதிரி ஒரு நிறம், மூணும் ஒட்டாதுன்னு அப்பவே குறை சொன்னாங்க. என் அபிப்பிராயம், அந்த மூடின நடுக்குரல்தான் காலாஸ். சோகத்தை நேரா சொல்லாம ஒளிச்சு வெச்சுப் பேசற மாதிரி இருக்கும்.

அவங்க மேடையில அதிகமாப் பாடின ரோல் நார்மா, 80 தடவைக்கு மேல. அதே பேர்ல பெல்லினி 1831ல எழுதின ஓபரா, முதல்ல பாடினவங்க ஜூடிட்டா பாஸ்டா. அதுல நார்மா நிலாவப் பாத்து பாடற காஸ்டா டீவா பாட்டுலதான் நம்ம அடுத்த சொல் இருக்கு. டீவான்னா லத்தீன்ல தெய்வப்பெண், நம்ம தேவியும் அதுவும் ஒரே மூலம். காஸ்டான்னா தூய. தூய தேவியேன்னு கூப்பிடற பாட்டு. பாடகிய டீவான்னு சொல்றது இப்படி வந்த வழக்கு, சொப்ரானோவும் டீவாவும் ஒண்ணில்ல, ஒண்ணு குரலோட இடம், இன்னொண்ணு ரசிகர் குடுத்த பட்டம். ப்ரிமா டோனாங்கறது மூணாவது, "முதல் பெண்மணி", அந்த ஓபரா கம்பெனியோட தலைமைப் பாடகி, நம்ம நாடகக் கம்பெனி ஸ்திரீபார்ட், ராஜபார்ட் மாதிரி ஒரு பதவிப் பேர். இந்த மூணையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பறதுதான் தமிழ்ல நான் அதிகமாப் பாக்கற தப்பு.

பட்டம் குடுத்தவங்களே அத வெச்சு அடிக்கவும் செஞ்சாங்க. 1958 ஜனவரி 2, ரோம்ல நார்மா, இத்தாலி ஜனாதிபதி சபையில இருக்கார், தொண்டை சரியில்லாம முதல் அங்கத்தோட நிறுத்திட்டாங்க. பேப்பர்க்காரங்க திமிர்னு எழுதினாங்க. அந்த வருஷ நவம்பர்ல நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா மேனேஜர் ருடால்ஃப் பிங் அவங்களோட ஒப்பந்தத்தை ரத்து பண்ணார். குரலும் மெல்ல மெல்லத் தளர்ந்துச்சு. 1953, 54 வாக்குல 30 கிலோவுக்கு மேல எடை கொறைச்சதுதான் குரல் போனதுக்குக் காரணம்னு சிலர், சின்ன வயசுலேயே கனமான ரோல் பாடினதுன்னு சிலர். கப்பல் முதலாளி ஒனாசிஸோட இருந்த காதல் கதையத்தான் எல்லாரும் நீட்டி எழுதறாங்க, நான் அதுக்குள்ள போகல. 1965 ஜூலை 5, லண்டன் கோவென்ட் கார்டன் ஓபரா அரங்குல டோஸ்கா, அதுதான் கடைசி ஓபரா மேடை. 41 வயசு. நம்ம ஊர்ல பாடகிங்க அந்த வயசுலதான் முழுசாப் பழுக்கறாங்க, நெனச்சா மனசு தாங்கல.

அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி கார்மென் ஓபராவ முழுசா ரெக்கார்ட் பண்ணியிருந்தாங்க, மேடையில பாடவே இல்ல. கார்மென் வழக்கமா மெஸ்ஸோ சொப்ரானோ பாடற ரோல். மெஸ்ஸோன்னா நடு, பாதி. ஒரு குரல் எவ்வளவு மேல தொடுதுங்கறத விட, எந்த இடத்துல சௌகரியமா உக்காருதுங்கறதுதான் பிரிவத் தீர்மானிக்குது, அதுக்கு டெசிட்டூரான்னு பேர். ஹை ஸி தொட்டுட்டு வர்ற மெஸ்ஸோவும் உண்டு. பின்னாடி 1971, 72ல நியூயார்க் ஜூலியார்ட் இசைப்பள்ளியில பாடம் எடுத்தாங்க, 1974 நவம்பர் 11 ஜப்பான்ல சப்போரோவுல கடைசிக் கச்சேரி, 1977 செப்டம்பர் 16 பாரிஸ்ல இறந்தாங்க, 53 வயசு.

இப்போ தமிழுக்கு. சொப்ரானோவ உச்சஸ்தாயின்னு எழுதறாங்க, அது ஏன் ஒட்டாதுன்னா, ஸ்தாயிங்கறது ஒவ்வொரு பாடகரோட சுருதியப் பொறுத்தது, கனத்த குரல் ஆம்பளைக்கும் உச்சஸ்தாயி உண்டு. சிலப்பதிகாரம் சொல்ற மெலிவு, சமன், வலிவுல வலிவும் அதே கணக்குதான், ஸ்தாயியோட பேர், ஆளோட குரல் வகை இல்ல. ரொம்ப அழகான சொல்லு, அத அதோட வேலையிலேயே விட்டுடலாம். உச்சக்குரல்னு ஒண்ணு சொல்றாங்க, அதக் கேட்டா எப்பவும் உச்சத்துல கத்தற மாதிரி தோணுது, சொப்ரானோ பாதி நேரம் நடுவுலதான் பாடுவா. உயர்குரல்னா அது ஆல்டோவுக்குத்தான் பொருந்தும், அந்தச் சொல்லுக்கே உயர்ந்ததுன்னுதானே அர்த்தம்.

அதனால என் ஓட்டு மேற்குரல். மேல் கூட்டல் குரல், மேற்கூரை மாதிரி. சோப்ராங்கறதுக்கு நேர் தமிழ் மேலதான், ஆண்பால் பெண்பால் சிக்கலும் இல்ல, பாடறவங்கள மேற்குரல் பாடகின்னு சொல்லிக்கலாம். மூலத்தப் பிடிச்சுக்கிட்டுப் போனா மத்ததும் தன்னால வருது: மேற்குரல், உயர்குரல், தாங்குகுரல், அடிக்குரல். மெஸ்ஸோவுக்கு இடை மேற்குரல். குரல்ங்கறது பழந்தமிழ் இசையில ஸட்ஜத்துக்கும் பேர்தான், ஆனா இடம் பாத்து அர்த்தம் புரிஞ்சுக்கறது நமக்குப் பழக்கம்தான். கட்டுரையில முதல் தடவை "மேற்குரல், அதாவது சொப்ரானோ"ன்னு எழுதிட்டு அப்புறம் மேற்குரல்னே போட்டுக்கலாம், பேச்சுல சொப்ரானோன்னு சொன்னாலும் தப்பில்ல.

காதால புரிஞ்சுக்கணும்னா 1953ல விக்டர் தெ சபாட்டா கன்டக்ட் பண்ண டோஸ்கா ரெக்கார்ட்ல ரெண்டாம் அங்கத்துக்குப் போங்க, விஸ்ஸி தார்ட்டே வரும், கலைக்காகவே வாழ்ந்தேன்னு அர்த்தம். அடங்கின குரல்லதான் ஆரம்பிக்கும். கடைசிப் பக்கம் வரைக்கும் பொறுமையா இருங்க, மத்த எல்லாத்துக்கும் மேல அந்தக் குரல் எழும்பி நிக்கும்.