‘மரியாதையாகப் பேசினார்’ என்று எழுதாதீர்கள்

கம்பம், போடிப் பக்கத்திலிருந்து கேரளத்து ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு விடிகாலையிலேயே ஜீப்கள் மலையேறுகின்றன. எல்லையில் கம்பம்மெட்டிலோ போடிமெட்டிலோ போலீஸ் கை காட்டினால் வண்டி நிற்கும், ஏதோ பேச்சு நடக்கும், கிளம்பிவிடும். அபராதம் போட்டால்தான் அதற்கு ஒரு பதிவு. போலீஸ் மக்களிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று ஆராய வருகிறவர்கள் பெரும்பாலும் புகார் மனுக்களில்தான் தொடங்குகிறார்கள். மனு கொடுக்கத் துணிந்தவரின் கதை மட்டுமே அதில் கிடைக்கும். எழுத்தில் ஏறாத அந்தச் சில நிமிடங்களை நேரில் நின்று பார்த்துத்தான் குறிக்க வேண்டும்.

இது பழைய முறைதான். 1966-ல் சமூகவியலாளர் ஆல்பர்ட் ரைஸ் அமெரிக்காவின் பாஸ்டன், சிகாகோ, வாஷிங்டன் நகரங்களில் 36 பார்வையாளர்களை 7 வாரம் ரோந்து போலீசாருடன் அனுப்பினார். பக்கத்தில் ஆள் இருப்பது தெரிந்தும் சில போலீசார் மக்களை அடிக்கத்தான் செய்தார்கள். ஆகவே ‘நாம் நின்றால் நடிப்பார்கள்’ என்று வேலையைக் கைவிட வேண்டியதில்லை. முதல் சில ஷிப்டுகளை அவர்கள் நம்மைப் பழகிக்கொள்ள விட்டு, கணக்கில் சேர்க்காமல் இருந்தால் போதும்.

பலர் சறுக்குவது எண்ணிக்கையில். நிறுத்திய வண்டிகளை மட்டும் எழுதிக்கொண்டு, ‘தமிழ்நாட்டு நம்பரையே பிடிக்கிறார்கள்’ என்று முடிவு கட்டுவார்கள். அந்த மணி நேரத்தில் கடந்துபோன எல்லா வண்டிகளையும் எண்ணாமல் அப்படிச் சொல்லவே முடியாது. எல்லையோரத்தில் காலை ஏழு மணிக்குப் போகிற வண்டிகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டு நம்பராகவே இருக்கலாம். சபரிமலை சீசனில் குமுளியில் எடுத்த கணக்கை மற்ற மாதங்களோடு கலக்கவும் கூடாது.

படிவத்தில் ‘மரியாதை: ஆம் / இல்லை’ என்று ஒரு கட்டம் வைத்தால் வருவது பார்வையாளரின் மனநிலைதான். செயலாகப் பிரித்துக் கேளுங்கள். நிறுத்திய காரணத்தைச் சொன்னாரா, அதுவும் கேட்பதற்கு முன்பா பின்பா? டிரைவர் பேசும்போது எத்தனை முறை குறுக்கிட்டார்? ஆர்.சி. புத்தகத்தைக் கையில் கொடுத்தாரா, சீட்டில் எறிந்தாரா? தொட்டாரா? முதலில் குரலை உயர்த்தியது யார்? இந்த வரிசை விட்டுப்போனால் டிரைவர் சீண்டிய சண்டையும் போலீஸ் கிளப்பிய சண்டையும் ஒன்றாகிவிடும்.

காதில் விழுந்த சொல்லை அப்படியே எழுதுங்கள். தமிழில் ‘எடு’, ‘எடுங்க’ என்பதிலேயே தெரிந்துவிடும். மலையாள வினைமுற்றில் அது அவ்வளவு தெளிவாகத் தெரியாது. விளிச்சொல்லைக் கவனிக்க வேண்டும். ‘எடா’, ‘எடீ’, ‘நீ’ என்று மக்களை அழைக்கக் கூடாது என்று 2021-ல் கேரள உயர் நீதிமன்றமே சொல்லி, சுற்றறிக்கையும் போனது. ஆனால் பாலக்காட்டில் மரியாதையாக ஒலிக்கும் ‘நிங்ஙள்’ (நீங்கள்) திருவனந்தபுரம் பக்கம் சிலருக்குச் சுருக்கென்று படும். அங்கே நின்றுகொண்டே தீர்ப்பு எழுத வேண்டாம்.

ஒரே சந்திப்பை இருவர் தனித்தனியாகக் குறித்து ஒப்பிடுவது அவசியம். 100 சந்திப்புகளில் ‘வசவு உண்டு’ என்று இருவரும் சேர்ந்து சொன்னது 2, ‘இல்லை’ என்று சொன்னது 90, ஒருவர் மட்டும் ‘உண்டு’ என்றது ஆளுக்கு 4 என்று வையுங்கள். ஒத்துப்போனது 92 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. தற்செயலாக ஒத்துப்போகக்கூடியதைக் கழிக்கும் கோஹன் காப்பா அளவில் அதுவே 0.29தான், அதாவது நம்பத்தகாதது. வசவு போல அரிதாக நடப்பதில் சதவீதம் இப்படித்தான் ஏமாற்றும். பார்வையாளர்களை மறுபடி பயிற்சிக்கு உட்கார வையுங்கள்.

கேரள போலீஸ் சட்டம் 2011-ன் 33-ம் பிரிவு, போலீஸ் நடவடிக்கையைப் பொதுமக்கள் சட்டப்படி வீடியோ எடுப்பதைத் தடுக்கக் கூடாது என்கிறது. எல்லைக்கோட்டைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் நின்றால் அந்தச் சட்டம் துணைக்கு வராது. எடுத்தாலும் பயணிகள் முகமும் வண்டி எண்ணும் ஆய்வுக்குத் தேவையில்லை, மறைத்துவிடுங்கள்.

குறிப்பை அங்கேயே சுருக்கமாக எழுதி, மறுநாளைக்குள் விரித்து எழுதிவிட வேண்டும். படிவத்தில் ‘சொல்லவில்லை’ ஒரு கட்டம், ‘காதில் விழவில்லை’ இன்னொரு கட்டம். லாரி இரைச்சலில் கேட்காமல் போனதையெல்லாம் ‘காரணம் சொல்லவில்லை’ என்று ஏற்றினால், நியாயமாக நடந்த போலீஸ்காரர் மீதும் பழி விழும்.